நான் சொன்னது வழுக்கல்

என் கூடப்பிறந்த தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌகரியம். மனசைப் பற்றி நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் கடிதத்தை உட்கார்ந்துதானே படிக்கப் போகிறாய், படி.

அன்றைக்குக் கல் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ எல்லோருக்கும் ஃபோன் போட்டு ‘அக்காவுக்கு வயசாயிடுச்சு, பழசையும் புதுசையும் கலக்கிப் பேசுறா’ என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். என் மகள் இருந்தாள், தோளில் புதுப் பை. மாப்பிள்ளை இருந்தார், தலையில் வழக்கம்போலத் தொப்பி. பேத்தி இருந்தாள், அவள் கண் ஃபோனில் இருந்தது. கல் கடைக்காரர் இருந்தார், சட்டைப்பையில் வரிசையாகப் பேனா, கேட்டு வாங்கிப் பார்த்ததில் ஒரு பேனாவும் எழுதவில்லை. நம் வீட்டு வேலைக்குப் பேசியிருந்த கொத்தனார் இருந்தார். கொட்டகைக்குள் கல் அறுக்கும் மெஷின் இருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள், நடந்த தப்பில் பாதி அதனுடையது. மீதிப் பாதி யாருடையது என்பது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

விஷயம் தோட்டத்து நடைபாதை. தோட்டத்தின் கோடியில் உள்ள ஒற்றை அறையில் நான் இருப்பது உனக்குத் தெரியும். கதவுக்குச் சாவி உண்டு, அது என் இடுப்பில் உண்டு. ராத்திரி ஏன் விளக்கு எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை, ரேடியோவை யாரும் குறைப்பதில்லை. வீட்டின் பின்வாசலிலிருந்து என் கதவு வரைக்கும் பழைய பலகைக்கல் போட்டிருந்தது. போன மழையில் அது முழுக்கப் பாசி. அந்தக் கல்லில் ஒரு நாள் காலையில் நான் உட்கார்ந்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதை என் மகள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பார்த்ததிலிருந்து ஒரே பாட்டு. ‘பின்னாடி ரூம் போதும்மா. கிச்சன் பக்கத்து ரூமுக்கு வந்துடு, என் கண்ணு முன்னாடி இரு.’ அந்த அறையை நீ பார்த்திருக்கிறாய். ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், மறுபக்கம் ஃபிரிட்ஜ். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பேத்தி சின்னவளாக இருந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று பிடுங்கிப் போட்டார்கள். ஒரு மெஷினுக்கும் இன்னொரு மெஷினுக்கும் நடுவில் மூன்றாவதாக என்னையும் செருகி வைத்தால் யார் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஃபிரிட்ஜைத் திறக்கிற மாதிரி. எனக்காக வாயைத் திறந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். ‘பாதையைச் சரி பண்ணிட்டா அத்தை அங்கேயே இருக்கட்டுமே’ என்றார். மகள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள், ஆனால் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு. ‘பாதை சரியா அமையலைன்னா உள்ள வந்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது.’ ஆகையால் மற்றவர்களுக்கு அது தோட்டத்துக்கு அழகு. எனக்கு அது இடுப்புச் சாவி.

அழகு என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு கண் முளைத்துவிடும் அல்லவா. பேத்தி வெள்ளைக் கூழாங்கல் கொட்ட வேண்டும் என்றாள். ‘பாட்டி, நடக்கும்போது கரகரன்னு சத்தம் வரும், சூப்பரா இருக்கும்.’ என்னை வேவு பார்க்க வருகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரியுமே என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குதிகால் புதையும், செருப்பை முழுங்கும், வேண்டாமென்றேன். பிளாஸ்டிக் புல் விரிக்கலாமா என்றாள். தோட்டத்தில் நிஜப் புல்லைப் பிடுங்குவதற்கு ஓர் ஆள் வருகிறான், பொய்ப் புல்லைப் போடுவதற்கு இன்னோர் ஆளா என்றேன். மகளுக்குக் கறுப்பு கிரானைட். இதே தெருவில் டாக்டர் வீட்டு வாசலில் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. ‘முகம் பாக்கலாம்மா, அப்படி ஒரு பளபளப்பு’ என்றாள். ‘முகம் பாக்கக் கண்ணாடி இருக்குடி. நடக்கத்தான் தரை இல்ல. இந்த வழுக்கல் நமக்கு வேணாம்’ என்று அப்போதே சொன்னேன். சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

மாப்பிள்ளை தனக்கு என்ன வேண்டுமென்று சொல்லவே இல்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் கண் பரிசோதனை மாதிரித்தான் செய்வார். சிமென்ட் டைல்ஸ், செங்கல், பேவர் பிளாக் என்று மாதிரிக்கு ஒவ்வொன்று வாங்கி வந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டிரண்டாக என் காலடியில் வைத்தார். ‘இது நல்லா இருக்கா அத்தை, இது நல்லா இருக்கா? முதல்ல வச்சதா, இப்ப வச்சதா? மறுபடியும் பாருங்க. அவசரமில்ல.’ செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே வித்தியாசம் கேட்டார். சாயங்காலம் வரை கேட்டார். கடைசியில் எனக்கே எது செங்கல், எது டைல்ஸ் என்று மறந்துபோய், எல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் நேரே கடைக்கே போய்க் காலை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கடைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. பைக்குள் ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து எடுத்துப் போனேன். மழை எனக்காக அங்கே வந்து பெய்யுமா? கடைக்காரர் நேரே கறுப்பு கிரானைட் பக்கம் கூட்டிப்போனார். மகள் கண்ணைக் காட்டியிருப்பாள். ‘இது ஃபர்ஸ்ட் குவாலிட்டிம்மா. தண்ணி நிக்காது, அழுக்கு நிக்காது’ என்றார்.

‘கால் நிக்குமா?’

‘அதெல்லாம் நிக்கும்மா.’

‘அப்ப நீங்க நின்னு காட்டுங்க’ என்று பாட்டிலைத் திறந்து கவிழ்த்தேன். ‘அம்மா, மானத்தை வாங்காதே’ என்றாள் மகள். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, பரிசு வாங்க மேடை ஏறுகிறவர் மாதிரி முதல் அடியை வைத்தார். இரண்டாவது அடியில் பேனாக்கள் கொட்டின. மூன்றாவது அடியை அவர் வைக்கவில்லை, அதுவே போயிற்று. காற்றைப் பிடித்தார், கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தோளைப் பிடித்தார், நழுவியது. தொப்பியைப் பிடித்தார், அது கையோடு வந்துவிட்டது. மனுஷன் எப்படியோ நின்றுவிட்டார், தொப்பிதான் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. கொட்டகையின் கூரைத் தகரத்துக்கு நடுவே வெளிச்சத்துக்கு என்று ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறார்கள். அதன் வழியாக வந்த வெயில் முழுக்க மாப்பிள்ளை தலையில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கடையில் எந்தக் கல்லுக்கும் அந்த மெருகு இல்லை. குறை சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் அப்போது கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்து, ‘இந்த வழுக்கல் நமக்கு வேணாம்னு நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?’ என்றேன். அந்த மெஷினுக்கு என் மேல் என்ன பகையோ. வழுக்கலில் இருந்த ‘ல்’லைத் தின்றுவிட்டு, அடுத்த சொல்லுக்கு டக்கென்று நின்றுவிட்டது. போதாததற்கு என் முன்பல் போன இடத்தில் ‘ல்’ சரியாக உட்காராது. கொட்டகை முழுவதற்கும் கேட்டது, ‘இந்த வழுக்கை நமக்கு வேணாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று.

‘வழுக்கல், மாப்பிள்ளை. ல். ல்’ என்றேன். மெஷின் நின்ற அமைதியில் அது இன்னும் மோசமாக இருந்தது. அவர் குனிந்து தொப்பியை எடுத்தார், பிழிந்தார், தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ‘பரவால்ல அத்தை. நீங்க சொன்னது எனக்கு அப்பவே தெரியும்’ என்றார்.

‘எப்பவே? என்ன தெரியும்?’ என்றாள் மகள்.

‘நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி.’

கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘அப்ப கல்லு எடுக்கணுமா, வேணாமா?’ என்றார். எடுக்கவில்லை. வரும் வழியில் வண்டி சிக்னலில் நின்றபோது, ‘பாட்டி, நிஜமாவே அப்பாவை வேணாம்னு சொன்னியா?’ என்று கேட்டாள் பேத்தி. ‘உங்கப்பாவைச் சொல்லலடி. தலையைத்தான் சொன்னேன்’ என்றேன். முன்சீட்டில் மகளின் கழுத்து சிவந்தது, பின்னாலிருந்தே தெரிந்தது. வீட்டில் இறங்கியதும், ‘பின்னாடி தனியா உக்காந்துக்கிட்டு இதைத்தான் இத்தனை வருஷமா யோசிச்சிக்கிட்டு இருந்தியா? போதும். பாதையும் வேணாம் ஒண்ணும் வேணாம், உள்ள வா’ என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் அப்படிச் சொன்னேனா என்றால், சொன்னேன். இல்லையென்று சொல்ல நான் நீயல்ல. மகளை மணக்க வந்த பையனுக்கு அந்த வயதிலேயே முன்னால் பாதி இல்லை, பார்த்ததைச் சொன்னேன். இப்போது முழுதும் இல்லை, என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் எங்கே சொன்னேன்? என் சமையலறையில். யார் இருந்தார்கள்? மூன்று பேர். நான் அடுப்பின் பக்கம். உன் அத்தான் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். நீ பின் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய், என் கைப்பிடித் துணியை எடுத்துத்தான் துடைத்தாய், அதையும் நான் மறக்கவில்லை. ‘பையன் நல்லவன்தான். ஆனா இந்த வழுக்கை வேணாம்’ என்றேன். நீ சிரித்தாய். உன் அத்தான் மேலேயிருந்து, ‘விடு, நான் பாத்துக்கறேன்’ என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த தடவை பையன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். தொப்பியில் முகமே வேறாக இருந்தது, லட்சணமாகத்தான் இருந்தார், நானும் சரி என்றுவிட்டேன்.

உன் அத்தானைச் சந்தேகப்பட முடியாது. வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்பக்கூட யோசித்துத் துப்பும் மனுஷன். அவரிடம் ஒன்றைச் சொன்னால் அது கிணற்றில் போட்ட கல். அந்த வாரம்தான் தன் தொப்பியைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து நின்றார். வாயைத் திறந்து கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை, நான்தான் அவரை இழுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்க் கேட்டு, அங்கேயிருந்த ஆளோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவர் போய் மாப்பிள்ளையிடம் தலையைப் பற்றிப் பேசியிருப்பாரா? அடுப்புக்கு வாய் கிடையாது. மிச்சம் நீ.

நீ இதற்கு முன் செய்ததும் எனக்குத் தெரியாததல்ல. பக்கத்து வீட்டு ஜன்னலை நான் உடைத்ததை அந்த வீட்டுக்காரர் கேட்காமலே ஓடிப்போய்ச் சொன்னவன் நீ. உனக்குக் கன்னம் வீங்கிப் படுத்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். உன் கன்னம் வடிந்துவிட்டது, என் மூன்றாம் வகுப்பு திரும்பி வரவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அதை உன் கணக்கில் எழுதிக்கொள்.

இங்கே இப்போது நிலைமை என்னவென்றால், கொத்தனார் பழைய கல்லையெல்லாம் முன்பே பெயர்த்து எடுத்துவிட்டார், புதுக் கல் வரவில்லை. பின்வாசலிலிருந்து என் கதவு வரை ஒரே பள்ளம், என் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மணல்மேடு. மாப்பிள்ளை தொப்பி போடுவதை விட்டுவிட்டார். ‘சாப்பிட்டீங்களா அத்தை’ என்று மரியாதையாகத்தான் கேட்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக் கேட்கிறார். சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம், மரியாதைக்கு என்ன செய்வது? மகள் கிச்சன் பக்கத்து அறையைக் கழுவிவிட்டுப் புது விரிப்பு எடுத்து வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் என் கட்டிலைத் தூக்க ஆள் வருகிறது. ‘கட்டில் கதவுல நுழையாது’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘உள்ள போனது அந்தக் கதவு வழியாத்தானேம்மா’ என்றாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் கண்டதும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுது. ஃபோன் வேண்டாம், நீ ஃபோனில் பேசினால் இன்னும் நாலு விஷயம் வெளியே வரும். ‘அக்கா அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் சிரிப்புக்காகக் கட்டிச் சொன்னேன்’ என்று எழுது. பொய்தான். ஆனால் நீ சொன்ன பொய்களில் உபயோகமான பொய் இது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் மனசு ஆறினால் கல் வரும், கல் வந்தால் பாதை வரும், பாதை வந்தால் என் கட்டில் போன வழியே திரும்பி வரும்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உன்னோடு இத்தனை வருஷம் இருந்ததே பெரிய காரியம். பிள்ளைகள் எல்லோரும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு ஆசீர்வாதம் இப்போதைக்கு இல்லை. மாப்பிள்ளைக்கு நீ எழுதியது தெரிந்த பிறகு தனியாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டேன், பள்ளத்தைத் தாண்டிப் போய்த் தபாலில் போட முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. காலையில் கட்டில் தூக்குகிறவர்கள் வந்தபோது தோட்டத்தில் மாப்பிள்ளையும் கொத்தனாரும் குனிந்திருந்தார்கள். மாப்பிள்ளை பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார், தலை திறந்தபடி. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய சாம்பல் நிறக் கருங்கல், விடிவதற்குள் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது. பாதி தூரம் கல் பதித்தாகிவிட்டது. கட்டில்காரர்கள் மணல்மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் கல் என் வாசற்படியில் வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளை உள்ளே போய் என் சோப்புத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார். பாதை நெடுக ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். ‘இதுவா அத்தை, கடையில பாத்ததா?’ என்று கேட்டார். ‘இதுதான் தெளிவா இருக்கு’ என்றேன். மகள் வந்தாள், ஏறி நின்று இரண்டு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். பிறகு கட்டில்காரர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை என் வாசற்படியில் உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒளிவு மறைவு எதற்கென்று நேராகவே கேட்டேன். ‘என் தம்பிதானே உங்ககிட்ட சொன்னான்?’

‘அவரா? அவர் எங்கிட்ட பேசினதெல்லாம் அவரோட முழங்காலைப் பத்தித்தான்.’

‘பின்னே?’

‘மாமா.’

‘எந்த மாமா?’

‘நம்ம மாமாதான் அத்தை. கடைக்குத் தேடி வந்தாரு. “அவளுக்கு உங்களைப் புடிச்சிருக்கு, தலைதான் புடிக்கல. அதை மூடிட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்”னு சொன்னாரு. அவரோட தொப்பியையே கழட்டிக் குடுத்துட்டுப் போனாரு.’

பழுப்புத் தொப்பி. உள்பக்கம் விட்டுப்போன தையலை நானே போட்டுக் கொடுத்தது. அது என் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறது, பஸ்ஸோடு போய்விட்டது என்று மனசில் எழுதிக்கொண்டதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். ‘வருஷா வருஷம் நீங்க ஒரு தொப்பி வாங்கிக் குடுப்பீங்களே, தலையை மூட மறந்துடாதீங்கன்னு சொல்றீங்கன்னு நெனைச்சேன்.’

‘உங்களுக்குத் தொப்பின்னா உசுருன்னு நெனைச்சேன் மாப்பிள்ளை.’

‘வேர்க்கும் அத்தை’ என்றார்.

ஆகையால் மேலே எழுதியதில் உன்னைப் பற்றி வருவதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மாப்பிள்ளைக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், வீணாகப் புதுக் குழப்பம் வரும். ஆசீர்வாதம் இதோடு வருகிறது, எடுத்துக்கொள். மூன்றாம் வகுப்பும் கைப்பிடித் துணியும் தனி, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். முழங்கால் வலித்தாலும் வா, பாதை நன்றாக இருக்கிறது, வழுக்கவில்லை. கல் கடைக்காரரை மன்னித்துவிட்டேன், மெஷினையும் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த டிப்போவுக்கு நான் வெயிலில் நடந்தபோது பக்கத்திலேயே நடந்து வந்து, தொப்பி எந்த நிறம், எந்த அளவு என்று நான் சண்டை போட்டதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டு, வீட்டுக்கு வந்து ‘விடு, போனா போகட்டும்’ என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, கடைசி மூச்சு வரைக்கும் ஒரு வார்த்தை வெளியே விடாமல் போய்ச் சேர்ந்தார் பார், அவரை மட்டும் நான் மன்னிக்கிறதாக இல்லை. உன் அத்தானை.